வாய் கட்டிய பூசையும் வைத்தியசாலை வாசலும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இத்தகைய விழாக்களிற் பேச எழுவோர் பக்தியைப் பற்றியோ பண்பாட்டைப் பற்றியோ பேசுவது வழக்கம். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ முகக்கவசமும் கைகழுவுதலும், வைத்தியசாலையில் அவற்றை நமது மக்கள் எவ்வாறு மதிக்கிறார்கள் என்பதுமாகும். இந்து இளைஞர் மன்றத்து மேடையில் இதற்கென்ன இடம், இதைச் சுகாதாரப் பரிசோதகர் அல்லவோ பேசவேண்டும் என்று பின்வரிசையிலுள்ள பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதில் தவறில்லை. ஆனால் இந்த ஆசாரம் நமக்குக் கோயிலிலே நன்கு தெரிந்திருக்கிறது. வைத்தியசாலை வாசலை மிதித்தவுடன் மறந்துபோகிறது. ஆதலினால் இது சுகாதாரப் பரிசோதகர் மாத்திரம் பேசித் தீரக்கூடிய விஷயமன்று.

வாவியின் மறுகரையிலே மண்டூர் முருகன் ஆலயம் இருக்கிறது. ஆவணித் திருவிழாவுக்குக் குருமண்வெளித் துறையில் ஏறி அக்கரை சென்றவர்கள் நம்மிற் பலர். அங்கே பூசை செய்பவர் கப்புகனார். வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னே மௌனமாக நின்று அவர் பூசையை நிறைவேற்றுகிறார். கதிர்காமத்துக் கப்புறாளைமாரும் அவ்வாறே செய்கின்றனர். வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் வாய் கட்டிப் பூசை செய்வதே மரபு. மௌனமே ஞானம் என்பது இதன் உட்பொருள் என்று விளக்கம் சொல்லுவோர் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நமது பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். சுவாமிக்குப் படைக்கும் அமுதிலே மனிதனுடைய மூச்சும் எச்சிலும் படலாகாது என்று ஒரே வாக்கியத்திற் சொல்லி முடித்துவிடுவார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கப்புகனார் நோயாளி என்பதற்காக வாயைக் கட்டவில்லை. தமக்கு ஏதும் வந்துவிடுமோ என்று அஞ்சியும் கட்டவில்லை. தம்முடைய வாயிலிருந்து வருவது எதிரே இருப்பதன்மேல் விழலாகாது என்றே கட்டுகிறார். அவரைப் பார்த்து, “ஐயா, உமக்கென்ன வருத்தம்?” என்று இதுவரை எவரும் கேட்டதில்லை.

மேல்நாட்டு வைத்தியர்கள் இந்த இடத்துக்கு வந்துசேர நெடுநாட் சென்றது. 1897ஆம் ஆண்டிலே, அப்பொழுது ஜேர்மனியைச் சேர்ந்திருந்த பிரெஸ்லவு நகரத்திலே, கார்ல் ஃப்ளூகே என்ற அறிஞர், மனிதன் வாய் திறந்து பேசும்போதே கண்ணுக்குத் தெரியாத துளிகள் சிதறுகின்றன, அவற்றிலே கிருமிகள் இருக்கின்றன என்று பரிசோதனை செய்து காட்டினார். அதே நகரத்திற் சத்திரசிகிச்சை செய்துவந்த யோஹான் மிக்குலிச் என்பவர் அதே ஆண்டில் மெல்லிய துணியொன்றை வாயிலே கட்டிக்கொண்டு சிகிச்சை செய்யத் தொடங்கினார். அந்தத் துணி வைத்தியரைக் காப்பதற்காகக் கட்டப்பட்டதன்று. மேசைமேற் கிடக்கும் நோயாளியின் புண்ணைக் காப்பதற்காகக் கட்டப்பட்டது.

அணிபவரையும் அது காக்கும் என்பதை உலகம் அறிந்துகொண்ட கதை இன்னும் பதின்மூன்று ஆண்டுகள் பிந்தியது. 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவிலே நுரையீரலைத் தாக்கும் கொள்ளைநோய் பரவியது. பினாங்கிலே பிறந்த வூ லியென் தே என்னும் இளம் வைத்தியரைச் சீன அரசு அங்கே அனுப்பியது. இந்நோய் எலியினாலன்றி மூச்சினாற் பரவுகிறது என்று அவர் கண்டு, பஞ்சும் துணியும் வைத்துத் தைத்த கவசத்தை எல்லாரும் அணியவேண்டும் என்றார். மெனி என்ற அனுபவம் வாய்ந்த பிரெஞ்சு வைத்தியர் அந்த இளைஞரை ஏளனம் செய்து, கவசமின்றியே நோயாளிகளிடம் போனார். 1911 ஜனவரியில், சில நாட்களுக்குள்ளேயே, அதே நோயால் இறந்தார். அவர் இறந்தபின்னரே மற்றவர்கள் கவசத்தைத் தேடினார்கள். அந்தக் கொள்ளைநோய் ஏறக்குறைய 60,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று.

கைகழுவுதலின் கதையும் இதைப் போன்றதே. 1847இல் வியன்னாப் பிரசவ விடுதியில் ஸெம்மெல்வைஸ் என்பவர் வைத்தியர்களைச் சுண்ணாம்புக் குளோரின் கரைத்த நீரிற் கைகழுவச் செய்தார். அவ்வாண்டு ஏப்பிரலில் 18 வீதமளவுக்கு இருந்த தாய்மார் மரணம் கோடை வந்தபோது 2 வீதமளவுக்கு இறங்கியது. எனினும் பெரிய பெரிய வைத்தியர்களே அவரை நம்பவில்லை. கனவான்களின் கை அசுத்தமாக இருக்குமா என்று கோபித்தார்கள். ஆகையால், படிப்பறிவில்லாத சனங்கள்தாம் சுகாதார விதியைப் பொருட்படுத்துவதில்லை என்று எவரும் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். படித்தவர்கள் முரண்டு பிடித்த அளவுக்குப் பாமரர் பிடித்ததில்லை.

சரி, நமது கரைக்கு வருவோம். பெரியநீலாவணை தொடங்கித் திருக்கோவில் வரையும் ஒரு தமிழூர், ஒரு முஸ்லிம் ஊர் என்று மாலை தொடுத்தாற்போல் அமைந்த கரை இது. மருதமுனையை அடுத்துப் பாண்டிருப்பு. சாய்ந்தமருதையும் நிந்தவூரையும் சார்ந்து நடுவே காரைதீவு. பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று நம்மவர்கள் மேடைதோறும் சொல்லிக்கொள்ளும் உறவு. சிலவேளை பிட்டு ஒருபுறமும் பூ ஒருபுறமுமாகச் சிதறுவதும் உண்டு என்பது உங்களுக்குத் தெரியாததன்று. கல்முனையில் ஆதார வைத்தியசாலைகள் இரண்டு இருக்கின்றன: ஒன்று வடக்கு வைத்தியசாலை, மற்றொன்று அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை. எது யாருடையது என்ற பேச்சு ஊரிலே நடக்கிறது. இருமலுக்கு அந்தப் பேச்சுத் தெரியாது. கிளினிக் நாளில் விடியமுன் நம்பர் எடுக்க வந்த பாண்டிருப்பு அம்மாவும் கல்முனைக்குடி உம்மாவும் ஒரே வாங்கில், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, கிளினிக் கொப்பியை மடியில் வைத்தபடி மணிக்கணக்காகக் காத்திருப்பதை நாம் எங்கும் காணலாம். ஒருவருக்கு நீரிழிவு, மற்றவருக்கு இருதய வருத்தம். பக்கத்தில் இருப்பவர் இருமினால் அதன் பலனை முதலில் அனுபவிப்பவர்கள் இவ்விருவருமே.

இந்த வாங்கிலே முகக்கவசம் படும் பாட்டைப் பாருங்கள். 2020இலும் 2021இலும் அது கட்டாயமாக இருந்தது. 2022இல் அந்தக் கட்டாயம் தளர்ந்தது. கட்டாயம் போனதோடு பழக்கமும் போயிற்று. கட்டாயமாக இருந்த காலத்திலேயே பாதிப்பேருக்கு அது முகக்கவசமாக இருக்கவில்லை, தாடைக்கவசமாக இருந்தது. காவலாளியைக் கண்டால் மேலே ஏறும், அவர் திரும்பினாற் கீழே இறங்கும். வாய் பேசுவதற்கென்றே அதை இழுத்துவிட்டுப் பேசுவோரையும் கண்டோம். துளி சிதறுவது பேசும்போதுதான் என்பதை நினைத்தால் இதிலுள்ள வேடிக்கை புரியும். உள்ளே இருக்கும் உத்தியோகத்தரே கவசத்தைக் காதிலே தொங்கவிட்டுக்கொண்டு, “கவசம் எங்கே?” என்று கிழவியை அதட்டும் காட்சியும் உண்டு. எந்த இடம் என்று நாம் சொல்லப்போவதில்லை. விதியைச் சொல்லுகிறவர் அதைத் தாம் கைக்கொள்ளாதபோது, கேட்கிறவருக்கு அது விதியாகத் தோன்றுவதில்லை, அதிகாரமாகவே தோன்றுகிறது.

நோயாளியைப் பார்க்கப் போகும் வழக்கத்தையும் சொல்லவேண்டும். இது நம் இரு சமூகத்தாருக்கும் புண்ணியமான காரியம். பார்க்கப் போகாவிட்டாற் சொந்தத்திலே பேச்சு வரும். ஆகையால் வான் பிடித்து, பிள்ளைகுட்டிகளோடு பத்துப் பேர் போகிறோம். நோயாளியின் கட்டிலிலேயே அமர்கிறோம். பிறந்து இரண்டு நாட்சென்ற பச்சிளங் குழந்தையை ஒவ்வொருவராக வாங்கி முத்தமிடுகிறோம். குக்கல் போன்ற நோய் பெரியவர்களுக்கு வெறும் இருமலாக வந்துபோகும்; பச்சிளங் குழந்தைக்கோ உயிருக்கு உலை வைக்கும். வாசலிலே ஒருவர் இருவராகப் போங்கள் என்று சொல்லும் காவலாளியோடு நமக்குச் சண்டை. வெற்றிலைத் துப்பல் விழுந்த மூலைகளைப் பற்றிப் பேசாமல் விட்டுவிடுகிறோம், பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எல்லாவற்றையும் அலட்சியம் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடலாமா? ஆகாது. வெட்கமும் இதிற் கலந்திருக்கிறது. காசநோயை எடுத்துக்கொள்வோம். இந்நாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 8,000 பேருக்கு அந்நோய் கண்டுபிடிக்கப்படுகிறது. மருந்து இலவசம், ஆறு மாதம் தவறாது உட்கொண்டால் மிகப்பெரும்பாலோர் குணமடைகிறார்கள், மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றும் அபாயம் பெரிதும் குறைந்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களில் அவர் கவசம் அணிந்தால் வீட்டாருக்கும் வாங்கில் இருப்போருக்கும் எவ்வளவு நன்மை! ஆனால் அணிய மாட்டார். ஏன்? அணிந்தால் ஊர் கண்டுகொள்ளும். மகளுக்குக் கலியாணம் பேசவேண்டியிருக்கிறது. மட்டக்களப்பு வாவியின் நடுவிலே மாந்தீவில் தொழுநோயாளரைக் கொண்டுபோய் வைத்த காலத்தை நமது பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. நோய்க்கு அஞ்சுவதும் நோயாளிக்கு அஞ்சுவதும் ஒன்றென்று பழகிப்போன ஊரிலே, கவசம் நெற்றியில் ஒட்டிய விளம்பரம் ஆகிவிடுகிறது. இதற்கு வழி ஒன்றுதான் நமக்குத் தெரிகிறது. கிளினிக் வாங்கில் இருக்கும் அத்தனை பேரும் அணியவேண்டும். எல்லாரும் வாய் கட்டிய இடத்தில் நோயாளி யார், துணைக்கு வந்தவர் யார் என்று எவர் கண்டுபிடிப்பார்?

இதிலும் நம் வீடுகளில் முன்னோர் வைத்த ஏற்பாடு ஒன்று உண்டு. பிள்ளைக்குப் பொக்கிளிப்பான் வந்தால் அம்மாள் வந்திருக்கிறாள் என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். மச்சம் சமைக்கமாட்டார்கள். வேப்பிலையைக் கண்டவர் படியேறாமற் கடப்பார். அந்த வீட்டுக்காரரும் வைகாசிக் குளிர்த்திக்குத் தண்ணீர் வார்க்கும் வரையில் ஊர்ச்சபையிற் கலக்காமல் ஒதுங்கியிருப்பதுண்டு. சுகாதாரத் திணைக்களம் பலகை தொங்கவிட்டுச் செய்வதை ஒரு வேப்பங்கொத்து செய்தது. அதில் அவமானம் இல்லை. அம்மன் வந்த வீடு என்ற மதிப்பே இருந்தது. வைத்தியரிடம் காட்டாமல் வேப்பிலையோடு நின்றுவிடுவது பிழை என்பதையும் சேர்த்தே சொல்லுகிறோம். ஆயினும் நோயாளியை இழிவுபடுத்தாமல் ஒதுக்கிவைக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நமது முஸ்லிம் சகோதரருக்கும் இது புதிதன்று. நாளொன்றுக்கு ஐந்து வேளை உளூச் செய்து கையும் வாயும் மூக்கும் கழுவுகிறவர்களுக்குக் கைகழுவக் கற்றுக்கொடுக்கப் போவது நகைப்புக்கிடம். கொள்ளைநோய் கண்ட ஊருக்குள் போகவேண்டாம், அங்கிருப்பவர் வெளியேறவும் வேண்டாம் என்பது அவர்களுடைய நபிபெருமானின் போதனை. தும்மும்போது அவர் கையினாலோ ஆடையினாலோ முகத்தை மறைத்துக்கொள்வார் என்றும் ஹதீஸ் நூல்கள் சொல்லுகின்றன. இப்படிப்பட்ட மக்கள் முகக்கவசத்தையும் சுகாதார அதிகாரியையும் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை ஏன் வந்தது? இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நின்று பேசவேண்டியிருக்கிறது. ஏனெனில் நம்மிலே சிலர் இதை அறியாமலே, “அவர்கள் சொன்னாற் கேட்கமாட்டார்கள்” என்று பேசுகிறார்கள்.

2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21இல் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. 26ஆம் தேதி இரவு சாய்ந்தமருதிலேயே வெடித்த குண்டுகளில் பச்சைக் குழந்தைகளும் மாண்டன. 29ஆம் தேதி முதல், முகத்தை மறைக்கும் ஆடை அவசரகால விதியின்கீழ்த் தடை செய்யப்பட்டது. முகத்திரை இட்டுப் பழகிய பெண்கள் வெளியில் வரமாட்டாமல் வீட்டோடு இருந்தார்கள். மறு ஆண்டு கொரோனா வந்தது. 2020 ஒக்டோபர் 15இன் வர்த்தமானி பொது இடத்தில் முகக்கவசம் அணியாதவருக்கு 10,000 ரூபா வரை தண்டம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றது. பதினெட்டு மாதத்துக்குள், முகத்தை மூடினாற் குற்றம் என்ற சட்டமும் மூடாவிட்டாற் குற்றம் என்ற சட்டமும் ஒரே தாயின் தலையில் வந்து விழுந்தன. இரண்டுக்கும் காரணங்கள் வெவ்வேறு என்று நாம் வாதிக்கலாம். அந்தத் தாய்க்கு அப்படித் தோன்றியிருக்குமா?

அதைவிடப் பெரிய புண் வேறொன்று. கொரோனாவால் இறந்த எவரையும் தகனமே செய்யவேண்டும் என்று 2020 ஏப்பிரல் 11இல் விதிக்கப்பட்டது. அடக்கஞ் செய்வதாற் கேடில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரிற் கொழும்பிலே பிறந்து இருபது நாளே ஆன முஸ்லிம் குழந்தையொன்றின் உடல் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வேலியிலே மக்கள் வந்து வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிவிட்டுப் போனார்கள். கட்டியவர்களில் எல்லா மதத்தாரும் இருந்தனர். 2021 பெப்ரவரி இறுதியிலேதான் விதி மாற்றப்பட்டது. மார்ச் 5ஆம் தேதி ஓட்டமாவடியில் முதல் உடல்கள் அடக்கஞ் செய்யப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

நமக்குத் தகனம் வழக்கமாதலால் அந்த வேதனை நமது நெஞ்சில் முழுமையாக இறங்கவில்லை. தலைகீழாக எண்ணிப் பாருங்கள்: நம் தாயைத் தீயிலிடலாகாது, கொள்ளி வைக்கலாகாது என்று ஒரு வர்த்தமானி வந்திருந்தால்? 2020 நவம்பரில் அக்கரைப்பற்றும் டிசம்பர் இறுதியிற் கல்முனைப் பட்டினத்தின் ஒரு பகுதியும் அடைக்கப்பட்ட நாட்கள் அவை. காய்ச்சல் கண்டும் வைத்தியசாலைக்குப் போக அஞ்சிய குடும்பங்கள் இருந்தன என்று அக்காலத்திற் பேசப்பட்டது. அஞ்சியது நோய்க்கன்று, உடலைத் திருப்பித் தரமாட்டார்கள் என்பதற்கு. அந்த அச்சத்தால் உள்ளே மறைந்த இருமல் மதம் பார்த்துப் பரவியிருக்குமா? சந்தையிலே நம்மோடும் நின்றிருக்கும். ஆதாரமில்லாத ஒரு விதி, ஆதாரமுள்ள பத்து விதிகளின் மதிப்பையும் கெடுத்துவிட்டது.

இந்த விதிகளெல்லாம் எந்தச் சட்டத்தின்கீழ் வந்தன தெரியுமா? 1897ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச்சட்டம். மிக்குலிச் வாயில் துணி கட்டிய அதே ஆண்டு. சுவாமி விவேகானந்தர் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பேசிச் சென்ற ஆண்டும் அதுவே. அவ்வாண்டு இந்தியாவிலே பூனா நகரத்திற் கொள்ளைநோய் பரவியபோது, ராண்ட் என்ற அதிகாரி வெள்ளைச் சிப்பாய்களை வீடுவீடாக அனுப்பினார். அவர்கள் சமையலறையிலும் பூசையறையிலும் புகுந்தார்கள், பெண்களைப் பரிசோதித்தார்கள். ஜூன் 22ஆம் தேதி சாபேகர் சகோதரர்கள் அவரைச் சுட்டார்கள். கொலை எந்நாளும் கொலையே. ஆனால் ஊர் முழுவதும் சுகாதாரத்தையே பகையாக எண்ணும்படி ஆனதற்கு யார் பொறுப்பு?

அடுத்த ஆண்டு கல்கத்தாவிலும் அதே பீதி. சிப்பாய்கள் வருவார்கள், பிடித்துப்போவார்கள் என்று சனங்கள் நகரத்தை விட்டு ஓடினார்கள். விவேகானந்தர் அஞ்சவேண்டாம் என்றும் வீட்டையும் நீரையும் சுத்தமாக வைத்திருக்கும்படியும் வங்கமொழியில் ஓர் அறிக்கை எழுதி வெளியிட்டார். 1899இல் நோய் திரும்ப வந்தபோது இராமகிருஷ்ண மிஷன் சேவையில் இறங்கியது. சகோதரி நிவேதிதை தாமே துடைப்பம் எடுத்துப் பாக்பஜார்ச் சந்துகளைக் கூட்டினார். வெள்ளைக்காரப் பெண் ஒருவர் நம் தெருவைக் கூட்டுவதைப் பார்த்து நாணிய இளைஞர்கள் துடைப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். ஏப்பிரல் மாதத்தில் அவர் மாணவர்களைக் கூட்டிப் பேசினார். தலைமை வகித்தவர் விவேகானந்தர். கூட்டம் முடிந்தபோது பதினைந்து மாணவர்களளவிற் பெயர் கொடுத்தார்கள். பதினைந்தே பேர். அவர்களைக் கொண்டு குப்பங்கள் சுத்தமாயின. விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இராமகிருஷ்ண மிஷனைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பழங்கதை என்று சொல்வோருக்காக அண்மைக் காலத்துச் செய்தியொன்று. 2020 நவம்பர் தொடங்கிச் சில மாதம் வங்காளதேசத்தில் 600 கிராமங்களில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 340,000க்கு மேற்பட்ட வயதுவந்தோர் அதில் அடங்கினர். பாதிக் கிராமங்களில் வீடுவீடாக இலவசக் கவசம் கொடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்களும் பள்ளிவாசல் இமாம்களும் முதலில் அணிந்து காட்டினார்கள். சந்தையிலும் தெருவிலும் ஆட்கள் நின்று, அணியாதவரிடம் அன்பாகச் சொல்லி ஒன்றைக் கையிற் கொடுத்தார்கள். நூற்றுக்குப் பதின்மூன்று பேர் அணிந்த இடத்தில் நாற்பத்திரண்டு பேர் அணியலாயினர். சத்திரசிகிச்சைக் கவசம் கொடுத்த கிராமங்களில் அறுபது வயதுக்கு மேற்பட்டோரிடையே நோய்க்குறியோடு தொற்றுக் கண்டவர்கள் மூன்றிலொரு பங்களவு குறைந்தனர். துணிக்கவசத்தின் பலன் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. மருதமுனைத் தறியில் நெய்தது எவ்வளவு அழகான துணியாயினும், ஒரு மடிப்பில் வாயை மூடினால் போதாது என்பதை இதனால் அறிக. கைத்தொலைபேசியிற் செய்தி அனுப்பியும் பரிசு கொடுத்தும் பார்த்தார்கள். அவற்றால் அதிகப்படியான பலன் கிடைக்கவில்லை. பலன் தந்தது மனிதர் நேரே நின்று சொன்னதே. அவர்கள் போனபின் சில மாதத்தில் பழக்கமும் குறையலாயிற்று.

கவசம் சர்வரோக நிவாரணி என்று நாம் சொல்ல வரவில்லை. கொரோனா போன்ற நோய்கள் காற்றிலே மிதக்கும் மிக நுண்ணிய துகள்களாலும் பரவுகின்றன. யன்னல்கள் திறந்திருக்கவேண்டும், மின்விசிறி மாத்திரம் சுழலும் அடைத்த மண்டபத்தில் இருநூறு பேரை நெருக்கி வைத்துவிட்டுக் கவசம் கவசம் என்று கத்துவதில் அர்த்தமில்லை. குழாயிலே தண்ணீர் வரவேண்டும். பக்கத்திலே சவர்க்காரம் இருக்கவேண்டும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துக்கே தவித்த வைத்தியசாலைகள் சவர்க்காரத்துக்கு எங்கே போகும் என்ற கேள்வியும் நியாயமானதே. மூச்சுத்திணறல் உள்ளவருக்கும் சிறு குழந்தைக்கும் கவசத்தை வற்புறுத்தலாகாது. நமது கரையின் சித்திரைப் புழுக்கத்தில் நாள் முழுதும் அதை அணியச் சொல்லவும் இல்லை. கிளினிக்கில் இருக்கும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கே சொல்லுகிறோம். பூசை முடிந்ததும் கப்புகனாரும் துணியை அவிழ்த்துவிடுகிறார்.

மன்றம் செய்யக்கூடியது என்ன என்பதற்கு வருவோம். பட்டினத்திலே மாதாந்தக் கிளினிக் நாட்கள் எவை என்பது எல்லாருக்கும் தெரியும். வைத்திய அத்தியட்சகர்களிடம் அனுமதி பெற்று, நமது மன்றத்து இளைஞர் இருவரும் பள்ளிவாசல் இளைஞர் இருவருமாக அந்த நாட்களில் வாசலில் நிற்கலாம். இரண்டு வைத்தியசாலைகளிலும் நிற்கவேண்டும். வடக்கில் நாமும் அங்கே அவர்களுமாகப் பிரித்துக்கொண்டால் இந்த முயற்சி தொடங்கு முன்னரே கெட்டது. கையில் ஒரு பெட்டி கவசம், ஒரு போத்தல் சவர்க்காரம். அதட்டக்கூடாது. பெயர் எழுதக்கூடாது. படம் பிடித்து முகநூலில் இடக்கூடாது. “உம்மா, இதைப் போட்டுக்கொள்ளுங்கோ, உள்ளே வருத்தக்காரர் இருக்கினம்” என்று சொன்னாற் போதும். வேண்டாம் என்றால் விட்டுவிடவேண்டும். முதலில் நாம் மூக்கு மூடும்படி ஒழுங்காக அணிந்திருக்கவேண்டும். நமது கோயில்களில் அன்னதானம் பரிமாறுவோரும் அன்று முதல் வாய் கட்டட்டும். அமுதுக்குள்ள ஆசாரம் அடியாருக்கும் உண்டல்லவா? நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சொல்லும் பொறுப்பைத் தாய்மார் ஏற்றுக்கொள்ளவேண்டும். பத்துப் பேராகப் போகாமல் இருவராகப் போய் வந்து மற்றவர்களுக்குச் சுகம் சொல்லுவது அன்பிற் குறைவாகாது என்பதை உறவினர் ஏற்கும்படி சொல்ல அவர்களால்தான் முடியும்.

பெட்டிக்கு ஆகும் செலவை மன்ற நிதியிலிருந்து எடுக்கலாமா என்று பொருளாளர் கேட்டார். இந்த மலருக்கு விளம்பரம் தந்த கடைக்காரர்களிடம் கேட்டுப் பார்ப்போம் என்றோம். மறுப்பார்கள் என்று தோன்றவில்லை. கிளினிக் நாள் காலை ஆறு மணிக்கு வரக்கூடியவர்கள் கூட்டம் கலையுமுன் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். எட்டுப் பேர் இருந்தால் தொடங்கிவிடலாம். பள்ளிவாசல் நிருவாகத்தாரைக் காண வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் போவதாக இருக்கிறோம். கூட வர விரும்பும் பெரியவர்கள் மூவர் நால்வர் இருப்பின் மிகவும் நல்லது. நமக்கு ஒதுக்கிய நேரம் கடந்துவிட்டதென்று தலைவர் அவர்கள் மணியைத் தொடுகிறார்கள்.